தோள்மேல் நின்ற பிள்ளைகள் – பட்டம்பாங் கழைக்கூத்துப் பள்ளியின் வரலாறு



பதின்ம வயதினரிடம் ஒத்துழைப்பை வளர்க்க நாம் நடத்தாத பட்டறை இல்லை. கம்போடியாவில் சிலர் இதற்கு வேறு வழி கண்டனர்.

1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நாட்டுக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டனர். பின்னர்த் தாய்லாந்து எல்லையில் எழுந்த அகதி முகாம்களுள் ஒன்று சைட் டூ. முள்வேலிக்குள் வளர்ந்த அம்முகாமின் சிறுவர்களுக்கு வெரோனிக் டெக்ரோப் என்னும் பிரெஞ்சு ஆசிரியை ஓவியம் கற்பித்தார். நாடு திரும்பிய அம்மாணவர்களுள் ஒன்பதின்மர் 1994இல் பட்டம்பாங் நகரில் 'ஃபார் பொன்லூ செல்பாக்' என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினர். 'கலையின் ஒளி' என்பது அப்பெயரின் பொருள். 1998இல் அவர்களுள் ஒருவரான குவோன் டெட், அங்கே கழைக்கூத்துப் பிரிவை உருவாக்கினார். கட்டணம் இல்லை, வறுமையிலும் வன்முறையிலும் அடிபட்ட பிள்ளைகளே முதலில் வந்தனர்.

இக்கலை அம்மண்ணுக்குப் புதிதன்று. பாயோன் கோயிலின் புடைப்புச் சிற்பங்களில், ஒரு வலியவன் மூவரைத் தாங்கி நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமை!

இருவர் சேர்ந்து செய்யும் கழைக்கூத்தில் ஒருவர் கீழே நின்று தாங்குவார்; மற்றவர் மேலே ஏறுவார்; மூன்றாமவர் அருகில் கைநீட்டிக் காவல் நிற்பார். "ஆயத்தமா?" என்று கேட்டு, மறுமொழி வந்த பிறகே ஏற வேண்டும். வலித்தால் உடனே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வாய்மூடி இருந்தால் இருவரும் விழுவர். பெரியவர்களிடம் நம்பிக்கை இழந்த ஒரு பிள்ளைக்கு, "நான் உன்னைத் தாங்குவேன்" என்பதை எந்தச் சொற்பொழிவால் உணர்த்த முடியும்? சக மாணவனின் தோள் உணர்த்தும். மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒருசேரத் தேவைப்படும் விளையாட்டு நம் பள்ளித் திடல்களில் எத்தனை உண்டு என்றும் எண்ணிப் பாருங்கள்.

"விழுந்துவிட்டால்?" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அதனால்தான் பாதுகாப்பாக விழவும் இறங்கவும் முதலிலேயே கற்பிப்பது இக்கலையின் மரபு. மெத்தையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றி இதனை எந்தப் பள்ளியும் புறப்பாட நடவடிக்கையாகத் தொடங்குதல் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

2013இல் சியம் ரீப் நகரில் இவர்களுக்கென ஒரு கூடாரம் எழுந்தது. பயிற்சி முடித்தோர் அங்கே ஆடி ஊதியம் பெறலாயினர். 2020இல் பெருந்தொற்று அதனை மூடியது. வருவாய் நின்ற நிலையில், 2021 மார்ச்சில் பட்டம்பாங்கில் 24 மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாமல் ஆடி நிதி திரட்டினர். ஒரு குழு களைத்து இறங்க, அடுத்த குழு மேடை ஏறியது. அந்நிகழ்ச்சி கின்னஸ் சாதனையாகப் பதிவாகியுள்ளது.