உயிர் காத்த நாசகாரி

கடற்படையில் நாசகாரி என வழங்கும் கப்பல், உருவில் சிறியது, வேகத்தில் மிக்கது. பெரும் போர்க்கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதும், நீர்மூழ்கிகளைத் தேடித் தாக்குவதும் அதன் தொழில். மலாயா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் போர் வரலாற்றிலும் இடம்பெற்ற நாசகாரி ஒன்று உண்டு. அதன் பெயர் 'வாம்பயர்'. இரத்தம் குடிக்கும் பேயைக் குறிக்கும் சொல் அது. ஆயினும் மலாயாக் கடலில் அது ஆற்றிய பெரும்பணி, உயிர் காத்ததேயாகும்.

இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1917-இல் பணியில் சேர்ந்த இக்கப்பல், 1933-இல் ஆஸ்திரேலியக் கடற்படையை அடைந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டதும், வேறு நான்கு பழைய கப்பல்களுடன் மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. ஜெர்மானியர் இவற்றைப் 'பழைய இரும்பு' என்று ஏளனம் செய்தனர். மாலுமிகளோ அப்பெயரையே பெருமையுடன் ஏற்றுக்கொண்டனர். 1941-இல் வாம்பயர் பழுதுபார்ப்பதற்காகச் சிங்கப்பூர் வந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று மாலையே 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்கள் நான்கு நாசகாரிகளுடன் சிங்கப்பூரிலிருந்து வடக்கே புறப்பட்டன. அந்நான்கினுள் வாம்பயரும் ஒன்று. அக்கப்பல்களுக்கு மேலே காவல் விமானங்கள் இல்லை. டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அவற்றைக் கண்டன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரு பெருங்கப்பல்களும் மூழ்கின. 840 பேர் மாண்டனர். எஞ்சியோரை வாம்பயர், எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்று நாசகாரிகள் மீட்டன. வாம்பயர் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கரை சேர்த்தது.

இத்தோல்வியின் விளைவு கடலோடு நிற்கவில்லை. மலாயாக் கரைகளைக் காக்க வலிமையான கப்பற்படை இல்லாது போயிற்று. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் படகுகளில் வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் இறங்கலாயினர். கிள்ளான் துறைமுகமும் அதன் சுற்றுப்புறமும் ஆபத்துக்குள்ளாயின. ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பின்னர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களின் துயரம் இவ்வீழ்ச்சியின் தொடர்ச்சியே.

வாம்பயர் மீண்டும் ஒருமுறை போருக்கு அனுப்பப்பட்டது. ஜனவரி 26-ஆம் நாள் இரவு, எண்டாவில் படையிறக்கிய ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க, 'தானட்' என்னும் மற்றொரு பழைய நாசகாரியுடன் அது சென்றது. இரண்டும் ஏவிய டார்பிடோக்கள் இலக்குத் தவறின. வலிமையில் மிக்க எதிரிக் கப்பல்கள் திருப்பித் தாக்கவே, மறுநாள் விடியுமுன் தானட் மூழ்கியது. வாம்பயர் தப்பிச் சிங்கப்பூர் திரும்பி, பின்னர் இலங்கையை அடைந்தது.

ஏப்ரல் 8-ஆம் நாள் இரவு, திருகோணமலை தாக்கப்படலாம் என்று அறிந்து, விமானந்தாங்கிக் கப்பலான 'ஹெர்மிஸ்', வாம்பயர் காவலுடன் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அன்று அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானமும் இல்லை! மறுநாள் திரும்பி வருகையில் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரு கப்பல்களையும் மூழ்கடித்தன. ஹெர்மிஸில் 307 பேர் இறந்தனர். வாம்பயரின் தலைவர் கமாண்டர் மோரனும் மாலுமிகள் சிலரும் மாண்டனர். 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல், தப்பியோரில் சுமார் 600 பேரை மீட்டுக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. குவாந்தானில் பிறரை மீட்ட மாலுமிகள், நான்கே மாதங்களில் தாமே பிறரால் மீட்கப்படும் நிலையை எய்தினர்.

குவாந்தானிலும் மட்டக்களப்பிலும் கப்பல்கள் அழிந்த காரணம் ஒன்றே: வானத்தில் அவற்றுக்குக் காவல் இல்லை. மாலுமிகளின் வீரத்தில் குறைவில்லை. ஆட்சியாளரின் முன்யோசனையிலேதான் குறை. அக்குறைக்கு விலை கொடுத்தோர் மாலுமிகள் மட்டுமல்லர். கரையில் வாழ்ந்த மக்களும் ஆவர்.