பொந்து நெல்

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போன படங்களைப் போட்டதும் பழைய மாணவர் ஒருவர், "சார், நீங்க இருளரா? சொல்லவே இல்லையே!" என்று கேட்டிருந்தார். உண்மைதான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் அதைச் சொன்னதில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏரிக்கரையில் எங்கள் குடிசை. அறுப்பு முடிந்ததும் அப்பா வரப்பில் எலி வளை தேடுவார். மண்சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, வளைக்குள் புகையை ஊதுவார். எலி பிடித்ததற்கு நிலக்காரர் கூலி தருவார். எலி பொந்தில் சேர்த்த நெல் எங்களுக்கு. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். புகை வாசனை தெரியக்கூடாதென்று வாய்க்காலில் இரண்டு தரம் குளிப்பேன். வீட்டில் பள்ளிக்கூடத் தமிழ் பேசினால் அம்மா, "ஐயரு வந்துட்டாரு" என்று சிரிப்பாள்.

அப்பாவின் இன்னொரு தொழில் பாம்பு பிடித்துத் தோல் விற்பது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டைக் காக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாற்று வேலை என்ன என்று எங்களை யாரும் கேட்கவில்லை. முன்பணம் வாங்கி அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போன சொந்தக்காரர்கள் பலர் கொத்தடிமையானார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்பு நடந்துகொண்டேதான் இருந்தது.

1978-ல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் விஷம் எடுத்து, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில்தான் கடிக்கு மருந்து தயாராகிறது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார்கள்.

அதே அமெரிக்காவில் நவஹோ பிள்ளைகளைத் தாய்மொழி பேசியதற்காக விடுதிப் பள்ளிகளில் தண்டித்தார்கள். 1942-ல் அந்த மொழியையே ராணுவம் போரில் ரகசியச் சங்கேதமாகப் பயன்படுத்தியது. இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த அன்று டிரங்குப் பெட்டியைச் சுமந்து வாசல் வரை வந்தார். "யாருப்பா இவரு?" என்று ஒருவர் கேட்க, "எங்க ஊர்க்காரர்" என்றேன். அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

படத்தில் கன்னியம்மாவுக்கு மணலில் ஏழு படி கட்டுகிறவன் என் பேரன். கற்பூரம் ஏற்றும்போது கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டான். எலி பிடித்தார், பாம்பு பிடித்தார் என்று சொன்னேன். "எப்படிப் பிடிப்பாரு?" என்றான். கடற்கரையிலேயே உட்கார்ந்து, சட்டியில் புகை போடுவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.