உக்ரைனியரின் பிடியரிசி

உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் போட்டு வைப்பதும், சில நாள் கழித்து வீடுதோறும் அதனைத் திரட்டிக் கோயிலுக்கோ பள்ளிக்கோ கொடுப்பதும் தமிழகத்துப் பல ஊர்களில் வழங்கி வந்த வழக்கம். பிடியரிசி என்று அதற்குப் பெயர். அந்த ஒரு பிடியால் எந்த வீட்டிலும் பசி வந்ததில்லை; ஆயின் அப்பிடிகள் ஒன்றுசேர்ந்தபோது பல வயிறுகள் நிறைந்தன. பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நாமும் அவ்வழக்கத்தை முற்றும் மறந்துவிடவில்லை. சங்கக் கட்டடத்துக்காகவும் பிள்ளையார் கோயிலுக்காகவும் நன்கொடைச் சீட்டுப் புத்தகத்துடன் மாடிப்படி ஏறி இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

கோயிலுக்கும் கல்விக்கும் உதவும் இம்முறை, ஒரு நாட்டின் பாதுகாப்புக்கே உதவ நேர்ந்தால் யாது நிகழும்? 2014-ஆம் ஆண்டு முதல் உக்ரைன் நாட்டில் நிகழ்ந்தவை இவ்வினாவுக்கு விடை கூறுகின்றன. அவ்விடையில் பெருமையும் உண்டு, துயரமும் உண்டு, நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய சில எச்சரிக்கைகளும் உண்டு.

உக்ரைனிய நாட்டுப்புறங்களில் ‘தொலோகா’ என்றொரு பழைய வழக்கம் இருந்தது. ஒருவர் வீடு கட்டத் தொடங்கினாலும், கதிர் அறுக்க ஆள் போதாவிட்டாலும், அண்டை அயலார் கூடி வந்து கூலியின்றி அவ்வேலையை முடித்துக் கொடுப்பர். வீட்டுக்காரர் அவர்களுக்கு உணவளிப்பார். நகரங்களிலும் இத்தகைய கூட்டுறவு வேரூன்றியிருந்தது. போலந்து மன்னர் ஆட்சியில் இருந்த லிவிவ் நகரத்துக் கிறித்தவ மக்கள் ‘சகோதரத்துவம்’ என்னும் அமைப்பாகக் கூடி, 1586-இல் தம் பொருளிலேயே ஒரு பள்ளியை நிறுவினர், அச்சகமும் நடத்தினர். 1868-இல் அதே நகரில் ‘ப்ரொஸ்வித்தா’ என்னும் சங்கம் தோன்றி, ஊர்தோறும் படிப்பகங்களை ஏற்படுத்தியது. தமக்கென ஓர் அரசு இல்லாத காலத்தில், அரசு செய்ய வேண்டியவற்றை மக்கள் தாமே செய்து பழகினர் என்பது இவற்றால் விளங்கும்.

சோவியத் ஆட்சிக் காலத்தில் இப்பழக்கம் தன் இயல்பை இழந்தது. தன்னார்வச் சங்கங்கள் மறைந்தன, அல்லது கட்சியின் கிளைகளாயின. ‘சுபோத்னிக்’ எனப்பட்ட சனிக்கிழமை வேலை 1919-இல் தொண்டு என்னும் பெயரில் தொடங்கியது. நாளடைவில் வராதவர் பெயரைக் குறித்து வைக்கும் கடமையாக அது மாறிற்று. விரும்பிச் செய்யும் தொண்டுக்கும் விதித்துச் செய்விக்கும் தொண்டுக்கும் உள்ள வேற்றுமையை உக்ரைனியர் நூலில் படித்து அறிந்தவரல்லர்; வாழ்ந்து அறிந்தவர்.

2013-ஆம் ஆண்டு நவம்பரில் கீவ் நகர மைதானத்தில் அரசை எதிர்த்து மக்கள் திரண்டனர். மூன்று மாதம் நீடித்த அக்கிளர்ச்சியில், கடுங்குளிரில் நின்றவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களும், கம்பளி ஆடை கொணர்ந்தவர்களும், காயம் கட்டியவர்களும் சாதாரணக் குடிமக்களே. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த மாதமே கிழக்கே தோன்பாஸ் பகுதியில் போர் மூண்டது. அப்பொழுது உக்ரைனின் தரைப்படையில் உடனே போருக்குச் செல்லத்தக்கவர் சுமார் 6,000 பேரே என்று பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பில் இருந்தவர் வெளிப்படையாகக் கூறினார். பல ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றிக் கிடந்த படை அது. களத்துக்குச் சென்றவர்களுக்குக் குண்டு துளைக்காத கவசம் இல்லை. நல்ல காலணி இல்லை. காயத்தைக் கட்ட ஏற்ற பொருள்களும் இல்லை.

மைதானத்தில் சமைத்த கைகள் அப்போது படையின் பக்கம் திரும்பின. 565 என்னும் எண்ணுக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினால் 5 ஹிரிவ்னியா படைக்குச் சேரும் என்று ஏற்பாடாயிற்று. பள்ளிகளிலும் நூலகங்களிலும் பெண்களும் முதியோரும் கூடி உருமறைப்பு வலை பின்னினர். மீன் வலை போன்றதொரு வலையை மரச்சட்டத்தில் கட்டி, பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து அதில் முடிவார்கள். கோடைக்குப் பச்சை, இலையுதிர் காலத்துக்குப் பழுப்பு, பனிக்காலத்துக்கு வெள்ளை என்று பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறும். பின்னாளில் பதுங்குகுழி மெழுகுவத்திகளும் பெருகின. காலியான தகர டப்பாவில் அட்டையைச் சுருட்டி வைத்து உருக்கிய மெழுகை ஊற்றினால், அது மணிக்கணக்கில் எரியும். குழியில் இருப்பவர் கை காய்ச்சவும், ஒரு குவளை நீர் சுட வைக்கவும் உதவும். எறிந்துவிட வேண்டிய டப்பா ஒன்று முன்பின் அறியாத ஓர் இளைஞனுக்குக் குளிர் காக்கும் அடுப்பாயிற்று.

இத்தொண்டர்களில் ஒருவர் விட்டாலி டெய்னேகா என்னும் கணினித் துறையினர். 2014-இல் அவர் போர்வீரர்களுக்குக் கவசங்கள் வாங்கி அனுப்பியபோது, அவற்றின்மேல் ‘உயிருடன் திரும்பி வா’ என்று எழுதி அனுப்பினார். வழியனுப்பும் தாய் வாசற்படியில் நின்று சொல்லும் சொல்லன்றோ அது! அச்சொல்லே பின்னர் அவர் தொடங்கிய அறநிறுவனத்தின் பெயராயிற்று. வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை அந்நிறுவனம் எல்லாரும் காணும்படி வெளியிட்டது. கொடுத்தவன் தான் கொடுத்த தொகையைக் கணக்கில் கண்டான். கண்டதனால் மீண்டும் கொடுத்தான். கணக்குக் காட்டாத கோயிலுக்கு இரண்டாம் முறை நன்கொடை கிடைப்பது அரிது என்பதை நம் ஊர்த் தருமகர்த்தாக்களும் அறிவர்.

பணத்தைக் கொடுத்ததோடு தம் உடலையும் கொடுத்தவர் உண்டு. யானா ஸின்கேவிச் என்னும் பெண்மணி 2014-இல் தம் இருபது வயது நிறையுமுன்னரே, களத்தில் வீழ்ந்தவர்களை மீட்டு வரும் தன்னார்வ மருத்துவப் படை ஒன்றைத் தொடங்கினார். ‘ஹாஸ்பிட்டலர்’ என்பது அப்படையின் பெயர். 2015 இறுதியில் நேர்ந்த வாகன விபத்து அவரது நடையைப் பறித்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் பணியைத் தொடர்ந்து நடத்தினார். 2019-இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் பல முனைகளிலும் உக்ரைனுள் புகுந்தன. அன்றே அந்நாட்டு மத்திய வங்கி பாதுகாப்புக்கெனத் தனிக்கணக்கு ஒன்றைத் திறந்தது. மே மாதத்தில் அரசு ‘யுனைட்டெட் 24’ என்னும் நிதித்திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற கலுஷ் இசைக்குழுவினர் தாம் பெற்ற கோப்பையை ஏலத்தில் விட்டு, கிடைத்த 9 இலட்சம் டாலரைப் படைக்குக் கொடுத்தனர். கைப்பேசி வழியே வங்கிக் கணக்கில் நிதி திரட்டும் முறைக்கு வழங்கும் பெயர் ‘பான்கா’, அதாவது ஜாடி. அண்டை வீட்டுப் பையனின் படைப்பிரிவுக்கு ஒரு பழைய வண்டி வேண்டுமா? தெரிந்தவர்கள் ஒரு ஜாடியைத் திறந்து வைப்பர்; ஆளுக்குச் சிறிது இடுவர்; அயல்நாட்டில் வண்டி வாங்கிப் பழுது பார்த்து, பச்சை வண்ணம் பூசிக் களத்துக்கு ஓட்டிச் செல்வர்.

2022 ஜூன் மாதம் நகைச்சுவை நடிகர் செர்ஹி பிரித்தூலா, மூன்று துருக்கிய ஆளில்லா விமானங்கள் வாங்க ஒரு வாரத்தில் 50 கோடி ஹிரிவ்னியா வேண்டும் என்று கேட்டார். மூன்றே நாளில் 60 கோடி, அதாவது சுமார் 2 கோடி டாலர், சேர்ந்தது. இதனை அறிந்த துருக்கிய நிறுவனம் மூன்று விமானங்களையும் விலையின்றியே தருவதாக அறிவித்தது. மிஞ்சிய பணத்தை என்ன செய்வது? ஃபின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களைப் பெறும் உரிமையை அந்த ஆகஸ்டில் படைக்கு வாங்கித் தந்தனர். சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போகிற மக்கள் வானத்தில் ஒரு கண்ணை வாங்கிவிட்டனர்!

அயலாரும் வாளாவிருக்கவில்லை. 28 இலட்சம் மக்களே வாழும் லித்துவேனியாவில், 2022 மே இறுதியில், நான்கு நாள் முடியுமுன் சுமார் 50 இலட்சம் யூரோ திரண்டது. தாமும் சோவியத் ஆட்சியில் இருந்து விடுபட்டவர்கள் என்னும் நினைவு அங்கே உண்டியலைத் திறந்தது. கடல் கடந்த கனடாவிலோ இரத்த உறவே உண்டியலைத் திறந்தது. 1891 முதல் அங்குக் குடியேறிய உக்ரைனியரின் வழிவந்தவர் இன்று 12 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பலருக்குத் தாய்மொழி நாவில் தடுமாறும். ஆயினும் தேவாலயக் கூடங்களில் கூடி, நம் கொழுக்கட்டையைப் போன்ற ‘வரெனிகி’ என்னும் பண்டத்தைச் செய்து விற்று நிதி அனுப்பினர். ஊரை விட்டு வந்து ஐந்து தலைமுறை ஆனாலும் ஊர் விட்டுப் போவதில்லை என்பதை, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. கட்டுத்துணிக்கும் கம்பளிக்கும் கொடுப்பது அறம். ஆயுதத்துக்குக் கொடுப்பதும் அறமாகுமா? காந்தியடிகள் பிறந்த நாட்டில் இவ்வினாவை எழுப்பாமல் கடந்து செல்லல் இயலாது. ‘உயிருடன் திரும்பி வா’ என்று கவசத்தில் எழுதிய அந்நிறுவனமே 2022-இல் போர்க்கருவி வாங்கவும் உரிமம் பெற்றது. காக்கும் பொருளுக்கும் தாக்கும் பொருளுக்கும் இடையே கோடு கிழிப்பது, வீட்டின்மேல் குண்டு விழும் ஊரில் எளிதன்று என அவர்கள் கருதினர். கொடுத்தவர்கள் இதனைக் களிப்போடு செய்தார்கள் என்று எண்ணுதல் தவறு. வலை பின்னும் கூடத்தில் அமர்ந்திருக்கும் தாயின் மகனும் அக்களத்தில்தான் இருக்கிறான். சிலருக்கு இருந்தான் என்றே கூற வேண்டும். தொலைவில் இருந்து தீர்ப்புக் கூறுவதைக் காட்டிலும் அவர்கள் சுமக்கும் பாரத்தை அறிவதே நமக்குத் தகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. குடிமக்களின் பிடியரிசி எவ்வளவு பெருகினும் அரசின் களஞ்சியத்துக்கு ஈடாகாது. பீரங்கியும் வான்காப்பும் படையினரின் ஊதியமும் வரியாலும் நட்பு நாடுகளின் உதவியாலுமே நடைபெறும். உக்ரைன் அரசு 2014-இல் வருமானத்தின்மேல் விதித்த 1.5 விழுக்காடு போர்வரியை 2024 டிசம்பரில் 5 விழுக்காடாக உயர்த்தியது. வரியும் செலுத்தி நன்கொடையும் அளிக்கும் மக்களுக்குக் களைப்பு நேர்வது இயல்பே. வேலையையும் வீட்டையும் இழந்தவரிடம் எத்தனை முறை கேட்பது?

ஆயினும் அவ்வுண்டியல் பணத்தினும் பெரிய ஒன்றைத் தந்தது. கொடுத்தவர்கள் கேள்வி கேட்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டனர். 2014-இல் தொண்டர் சிலர் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே நுழைந்து, சீருடையும் கொள்முதலும் சீர்பெற உழைத்தனர். அரசின் ஒப்பந்தங்களை எவரும் காணுமாறு வெளியிடும் ‘ப்ரொஸோரோ’ என்னும் கணினி முறையை உருவாக்கத் தொடங்கியவர்களும் தன்னார்வலரே. 2016-இல் அது அரசு அலுவலகங்களுக்குக் கட்டாயமாயிற்று. 2023 ஜனவரியில், படையினர் உணவுக்கான ஒப்பந்தத்தில் முட்டை ஒன்றுக்கு 17 ஹிரிவ்னியா என்று கடைவிலையினும் மிகுதியாக எழுதப்பட்டிருப்பதைச் செய்தியாளர் வெளிக்கொணர்ந்தனர். போர் நடுவே இதைப் பேசலாகாது என்று மக்கள் வாய் மூடவில்லை. துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் அமைச்சரும் மாறினார். டப்பாவில் மெழுகு ஊற்றியவனுக்கு ஒரு முட்டையின் விலை தெரியும்.

1962-இல் நம் நாட்டின் வடஎல்லையில் போர் மூண்டபோது, தாய்மார்கள் கைவளையைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததை முதியோர் நினைவு கூர்வர். வளையைக் கொடுத்தவளுக்கு நாடு என்பது தன் வளையும் சேர்ந்த ஒன்றாகிவிடுகிறது. விதித்துப் பெற்ற சனிக்கிழமை உழைப்பு அம்மக்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. விரும்பி இட்ட 5 ஹிரிவ்னியா தந்தது. ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பர் நம் பெரியோர். வடம் பிடித்தவர்களே தேர் நேராகச் செல்கிறதா என்று பார்க்கவும் உரியவர்கள் ஆகின்றனர்.