பெரிய வீடு அரசனான கதை

தமிழ் விவிலியத்தில் பார்வோன், குர்ஆன் தமிழாக்கங்களில் ஃபிர்அவ்ன், வரலாற்று நூல்களில் பாரோ. மூன்றும் ஒரே எகிப்தியச் சொல்லின் வழிவந்தவை. 'பெர்' என்றால் வீடு. 'ஆ' என்றால் பெரிய. 'பெர்-ஆ' பெரிய வீடு, அதாவது அரண்மனை. தொடக்கத்தில் அச்சொல் அரசனைக் குறிக்கவில்லை; பெரும் பிரமிடைக் கட்டிய அரசன் கூஃபுவை அவன் காலத்தில் யாரும் பாரோ என்று அழைத்ததில்லை.

அரசனுக்கென முறைப்படி அமைந்த பெயர்கள் வேறு. அவற்றில் மிகப் பழையது, ஹோரஸ் என்னும் கடவுளோடு அரசனை இணைக்கும் ஹோரஸ் பெயர். கி.மு. 3100 அளவிலான, நார்மர் என்ற அரசனின் கற்பலகையின் உச்சியில், அரண்மனை முகப்பு போல் வரைந்த கட்டத்துக்குள் ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும் இருக்கின்றன. மீன் 'நார்', உளி 'மெர்'. அரசன் பெயரை அரண்மனைக்குள் எழுதும் வழக்கம் அத்தனை பழையது.

பின்னாளில் பெயர்கள் ஐந்தாயின. கழுகு, நாகம் என்னும் இரு தேவியரின் பெயர், பொன் ஹோரஸ் பெயர், முடிசூடும்போது ஏற்கும் அரியணைப் பெயர், பிறப்புப் பெயர் ஆகியவை சேர்ந்தன. கடைசி இரண்டையும் நீள்வட்டக் கயிற்று வளையத்துக்குள் எழுதினார்கள். அரசன் துட்டன்காமனின் அரியணைப் பெயர் நெப்கெபெருரே. அதில் சூரியவட்டம், அதன்கீழ் வண்டும் மூன்று கோடுகளும், அடியில் கூடை. வாசிக்கையில் இறுதியில் வரும் 'ரே' என்னும் சூரியக் கடவுளின் பெயர், எழுத்தில் முதலில் நிற்கிறது. கடவுளுக்குத் தரும் முதல் மரியாதை அது. துட்டன்காத்தன் என்ற பிறப்புப் பெயரை அவன் துட்டன்காமன் என மாற்றினான். அரியணைப் பெயர் மாறவில்லை. அண்டை நாட்டு மன்னர்கள் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்களிலும் எகிப்திய அரசர்களை அரியணைப் பெயராலேயே விளித்தார்கள். ஒரே பிறப்புப் பெயர் கொண்ட அரசர்களுக்கு இரண்டாம், மூன்றாம் என்று எண் போட்டவர்கள் நம் காலத்து ஆய்வாளர்கள்.

அரசனின் பெயரை நேரே சொல்லத் தயங்கியவர்கள் 'அரண்மனை' என்றே சுட்டினார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசன் அக்கெனாத்தனுக்கு வந்த ஒரு கடிதம் அவனையே 'பெர்-ஆ' என்று விளிக்கிறது. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் 'பெர்-ஆ சியாமுன்' என்று அச்சொல் அரசனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விவிலியத்திலும் இதே வரிசைதான்: யோசேப்பு, மோசே கதைகளில் வெறும் பார்வோன், பிற்பட்ட நூல்களில் பார்வோன் நேகோ, பார்வோன் ஒப்பிரா.

இத்தனைக்கும் ஐந்து பெயர்களில் ஒன்றாக 'பெர்-ஆ' ஏறவே இல்லை. ஆனால் கிரேக்கர், ரோமர் ஆட்சிக்காலத்துக் கோயில் சுவர்களில் சில வளையங்களுக்குள் அரசன் பெயரே இல்லை. 'பெர்-ஆ' மட்டும் இருக்கிறது. ஆள்பவர் யாரென்று குறிப்பிடாமலே சடங்கு நடத்த அந்தச் சொல் போதுமானதாயிற்று.