விசுவாசமும் பல்கலைக்கழகமும்: இரு குருக்களின் வரலாறு



“சமயத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்தால் பிள்ளையின் விசுவாசம் போய்விடுமோ?” பெற்றோர் பலருக்கு இருக்கும் இந்த அச்சம் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சபையே இதனால் கலங்கியிருந்தது.

பிரான்சு நாட்டு அரசு தன் பல்கலைக்கழகங்களில் இருந்த கத்தோலிக்க இறையியல் துறைகளை 1885இல் மூடியது. அடுத்த ஆண்டே பாரிசு நகரின் சோர்போனில் சமய ஆய்வுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. இறையியல் விசுவாசத்திலிருந்து தொடங்கி அதன் பொருளைத் தேடுகிறது. சமய ஆய்வோ எல்லாச் சமயங்களையும் வரலாறாக வைத்து ஆராய்கிறது. ஒன்றை மூடி மற்றதைத் திறந்ததால், புதிய படிப்பு விசுவாசத்தின் எதிரி என்றே பலர் எண்ணினர்.

அந்நாட்களில் இரு பிரெஞ்சுக் குருக்கள் வரலாற்று ஆய்வு முறையில் விவிலியத்தைப் படித்தனர். ஒருவர் அல்பிரட் லுவாசி. பாரிசு கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர், 1893இல் அப்பதவியை இழந்தார். 1908இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். மறு ஆண்டு, பாரிசின் புகழ்பெற்ற அரசுக் கல்வி நிறுவனமான ‘கொலேஜ் து பிரான்ஸ்’ அவரைச் சமய வரலாற்றுப் பேராசிரியராக்கியது. அவர் இறுதிவரை திருச்சபைக்குத் திரும்பவில்லை.

மற்றவர் தொமினிக்கன் துறவியான மரி-ஜோசப் லக்ராஞ்ச். 1890இல் எருசலேமில் விவிலியப் பள்ளியை நிறுவியவர். அவர்மீதும் ஐயம் எழுந்தது. தொடக்கநூலுக்கு அவர் எழுதிய விளக்கத்தை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1912இல் எருசலேமை விட்டுச் செல்ல நேர்ந்தது. ஆயினும் கீழ்ப்படிந்தார், செபத்தில் நிலைத்தார், ஆய்வையும் விடவில்லை. அடுத்த ஆண்டே திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். 1938இல் இறந்தார்.

ஐந்தே ஆண்டுகளில், 1943இல், திருத்தந்தை 12ஆம் பயஸ் தம் சுற்றுமடல் வழியாக வரலாற்று ஆய்வின் துணையோடு விவிலியத்தைப் படிக்க அறிஞர்களை ஊக்குவித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. இன்று நம் குருமடங்களிலும் அந்த ஆய்வு முறை கற்பிக்கப்படுகிறது.

லுவாசியின் உள்ளத்தைத் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் ஒன்றைக் கற்கலாம். கேள்வி கேட்பவரை ஐயத்தோடு ஒதுக்கினால் அவர் தனித்துவிடுகிறார். லக்ராஞ்சுக்குத் துறவற இல்லமும், அன்றாடத் திருப்பலியும், உடன் செபிக்கும் சகோதரர்களும் இருந்தார்கள்.

ஆகவே, நம் பிள்ளைகள் சமயத்தைப் பாடமாகப் படிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது என்ன படித்தார்கள் என்று கேட்போம். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். ஞாயிறு திருப்பலிக்குச் சேர்ந்தே செல்வோம்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.