கியரை எப்போது மாற்றுவது? – கால் மைல் ஓட்டத்தின் கதை

மதுரையில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நாலு பேர் நின்றால், அதில் ஒருவர் பேச்சு கண்டிப்பாக ஆர்.எக்ஸ்.100-ல் வந்து நிற்கும். அடுத்த நிமிடமே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். "இன்ஜின் கத்தி ஓயும்வரை முறுக்கிட்டுத்தான் கியரை மாத்தணும்" என்பார் ஒருவர். "கத்தவிட்டா நேரம்தான் வீண், இழுவை குறையறதுக்கு முன்னாடியே போட்டுடணும்" என்பார் இன்னொருவர். வீட்டுப் பெரியவரைக் கேட்டால், "நாப்பதுல டாப் கியர் போடு, மைலேஜ் கிடைக்கும்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்!

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரியவர் சொல்வது பெட்ரோலுக்கான கணக்கு. மற்ற இருவர் சொல்வது வேகத்துக்கான கணக்கு. ஒரு குறிப்பிட்ட தூரத்தை நின்ற இடத்திலிருந்து கிளம்பி மிகக் குறைந்த நேரத்தில் கடக்க வேண்டும் என்றால், கியரை எந்த நொடியில் மாற்ற வேண்டும்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு எழுபது வருடக் கதை உண்டு.

கால் மைல் எங்கிருந்து வந்தது?

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 1320 அடி, ஏறத்தாழ 402 மீட்டர். இது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்தது. முதலில் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள் கிடைத்தன. 1950-ல் சாண்டா அனா விமான நிலையத்தில் முறையான டிராக் பந்தயங்கள் தொடங்கின. தெருவில் ஓட்டிச் சாகும் இளைஞர்களைத் தடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

நம்மூர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதன்பின் 1980-களின் கடைசிவரை இந்தியாவின் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். அங்கே நடந்தவை வட்டப் பந்தயங்கள். ஆனாலும் ஓடுபாதையின் நீண்ட நேர்க்கோட்டில் ஒவ்வொரு சுற்றிலும் அதே கேள்விதான் வந்து நிற்கும்: இப்போதா, இன்னும் கொஞ்சம் பொறுத்தா?

காதுதான் மீட்டர்

அந்தக் காலத்து வண்டிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350-ல் ஸ்பீடோமீட்டர் இருந்தது, மின்சாரம் காட்டும் அம்மீட்டர் இருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் கிடையாது. கியர் லிவர் வலது காலில். முதல் கியருக்கு மேலே, மற்ற மூன்றுக்கும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் மாற்றினால் தப்பாகத்தான் விழும்.

புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டரில் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். இப்படி நீளமாக ஓடும் பிஸ்டனால் வெகு வேகமாக ஓட முடியாது. ஏறத்தாழ 18 குதிரைத்திறன், அதுவும் 5600 சுற்றுகளை ஒட்டி. அதற்குமேல் முறுக்கினால் அதிர்வுதான் கூடும், வேகம் கூடாது. ஆகவே புல்லட்காரருக்குச் சீக்கிரம் கியர் மாற்றுவது பழக்கமாகிப் போனது.

மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவில் வேறொரு விசேஷம். கிக்கர்தான் கியர் லிவரும். அந்த லிவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விடுபடும். கைக் கிளட்சைத் தொடாமலேயே கியர் மாற்றலாம். இன்றைக்குப் பெரிய விலையில் 'குயிக் ஷிஃப்டர்' என்று விற்கும் வசதி தருவது மின்னணு முறை, ஜாவாவில் இருந்தது வெறும் இரும்பு.

டூ ஸ்ட்ரோக் வந்தது, பழைய பழக்கம் உடைந்தது

1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.டி.350-ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கியர், முதலில் வந்த வகையில் 30.5 குதிரைத்திறன். இதில் டாக்கோமீட்டரும் இருந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி ஏ.எக்ஸ்.100 வந்தது. 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் தயாரிப்பு அது. 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ்.100.

ஆர்.எக்ஸ்.100-ன் கணக்கைப் பாருங்கள். 98 சி.சி., நான்கு கியர், 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். அதன் அதிகபட்ச முறுக்குவிசை (மெக்கானிக்குகள் சொல்லும் 'டார்க்') 6500 சுற்றில். அதாவது இன்ஜினின் நல்ல நேரம் எல்லாம் மேலே ஒரு குறுகிய இடத்தில் குவிந்திருக்கிறது. அதற்குக் கீழே விழுந்தால் வண்டி சோர்ந்துவிடும். புல்லட் பழக்கத்தில் சீக்கிரம் கியர் மாற்றியவர்கள் இங்கே தோற்றார்கள். ஆனால் இதிலும் டாக்கோமீட்டர் கிடையாது! சைலன்ஸர் சத்தம் எந்த இடத்தில் இறுகி, எந்த இடத்தில் தளர்கிறது என்று காதால் பிடித்தவர்தான் ஜெயித்தார்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

பலர் நினைப்பது: டார்க் உச்சத்தில் இருக்கும்போது மாற்ற வேண்டும். தவறு. இன்ஜினில் பிறக்கும் டார்க் நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை, கியர் அதைப் பெருக்கித்தான் அனுப்புகிறது. சின்ன கியரில் பெருக்கம் அதிகம், பெரிய கியரில் குறைவு. கடப்பாரையை நீளமாகப் பிடிப்பதற்கும் குட்டையாகப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இன்னும் பலர் நினைப்பது: குதிரைத்திறன் உச்சத்தில் மாற்ற வேண்டும். இதுவும் தவறுதான், ஆனால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம்.

சரியான விதி இதுதான். ஒரே வேகத்தில் போகும்போது, எந்த கியரில் இன்ஜின் அதிகத் திறன் தருகிறதோ அந்த கியர்தான் வண்டியை அதிகமாகத் தள்ளும். ஆகவே இப்போதைய கியரில் உச்சத்தைத் தாண்டி இறங்கும் திறனும், அடுத்த கியரில் கிடைக்கப்போகும் திறனும் சமமாகும் நொடியில் மாற்ற வேண்டும்.

ஒரு கற்பனை இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அது 5600 சுற்றில் 8, 6400-ல் 9.2, 6800-ல் 10, 7500-ல் 11 குதிரைத்திறன் தருகிறது. அதன்பின் இறங்குமுகம்: 8000-ல் 10.6, 8500-ல் 9.5, 9000-ல் 7.5. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போனால் சுற்று முக்கால் பங்காகக் குறையும் என்று வைத்துக்கொள்வோம்.

7500-ல் மாற்றினால் சுற்று 5600-க்கு வந்துவிடும். கையில் இருந்த 11 போய் 8 ஆகிவிட்டது. பெரிய நஷ்டம். 9000 வரை இழுத்தால் 7.5 குதிரைத்திறனோடு தவித்துக்கொண்டிருப்பீர்கள், அடுத்த கியரில் 9.9 காத்துக்கொண்டிருக்கும். அதுவும் நஷ்டம். 8500-ல் மாற்றினால் 9.5-லிருந்து ஏறத்தாழ 9.2. கிட்டத்தட்ட சமம். அதுதான் இடம்!

இன்னொரு விஷயம். மேல் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். அங்கே சுற்று 85 சதவீதமாகத்தான் குறையும் என்றால், இதே இன்ஜினில் 8200-லேயே மாற்ற வேண்டும். ஆக ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி இடம் உண்டு. எல்லாக் கியரையும் சிவப்புக் கோடுவரை முறுக்குபவரும் தோற்பார், எல்லாவற்றையும் ஒரே சுற்றில் மாற்றுபவரும் தோற்பார்.

கியர் மாற்ற ஆகும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். கால் நொடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் எந்தத் தள்ளலும் இல்லாமல் மிதந்து போகும். எனவே முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் கியர் மாற்றும் நேரம் வந்தால், மாற்றாமல் அப்படியே இழுத்துவிடுவதே லாபம். இதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் ஒன்றிரண்டு பற்களைக் கூட்டிக் குறைத்து, கடைசி கியரின் உச்சம் சரியாகக் கோட்டில் வந்து விழுமாறு செய்கிறார்.

காதிலிருந்து கணினிக்கு

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் வந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி 1996-ல் நின்றது, புகைக் கட்டுப்பாடுகளால் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1982 முதலே பந்தயத்தில் இருக்கும் டி.வி.எஸ். அணியின் அனுபவம் கடை வண்டிக்கும் வந்தது. 2007-ல் வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர்.160-ல் டாக்கோமீட்டர் மட்டுமல்ல, பூஜ்யத்திலிருந்து 60-ஐத் தொட ஆன நேரத்தைக் காட்டும் வசதியும் இருந்தது. 'இப்போது மாற்று' என்று மின்னும் விளக்குகள் அடுத்து வந்தன. 2021-ல் யமஹா ஆர்15-க்கு குயிக் ஷிஃப்டரும் வந்தது. கால் லிவரைத் தொட்டதும் கணினி இன்ஜினின் தீப்பொறியை ஒரு கணம் நிறுத்தும், கியர் விழும், மறுபடி தள்ளல் தொடங்கும். கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஆக்ஸிலேட்டரைக் குறைக்கவும் வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டையில் இப்போது தேசிய டிராக் பந்தயங்களே நடக்கின்றன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா அங்கே பல தேசியப் பட்டங்களை வென்றவர். உலக அளவில் அமெரிக்கரான லாரி மெக்பிரைட் 1999-ல் கால் மைலை ஆறு நொடிக்குள் பைக்கில் கடந்த முதல் மனிதர் ஆனார். அவருக்கும் முன்னால் ஈ.ஜே.பாட்டர் என்றொருவர் பைக்கில் கார் இன்ஜினைப் பொருத்தி, கியரே இல்லாமல் ஓட்டினார். கேள்வியையே ஒழித்துவிட்டார்! இன்றைய மின்சார பைக்குகள் பலவற்றிலும் கியர் இல்லை.

மதுரைக்குத் திரும்பினால்...

கணக்கு எல்லாம் சரி. ஆனால் இதை எங்கே செய்து பார்ப்பது? மதுரையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை நானூறு கிலோமீட்டருக்கு மேல். 2003-ல் தொடங்கிய கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஆசை உள்ள பையன் ரிங் ரோட்டைப் பார்க்கிறான், நான்கு வழிச்சாலையைப் பார்க்கிறான்.

அங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. 402 மீட்டர் முடிவில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு நொடி, அதிலேயே 30 மீட்டர் போயிற்று. நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றாலும் நிற்பதற்கு இன்னும் 80 மீட்டர் வேண்டும். மொத்தம் 110 மீட்டர். பந்தயத் தடத்தில் ஓடுவதற்கு எவ்வளவு இடம் விடுகிறார்களோ, நிற்பதற்கும் அதற்குக் குறையாமல் விடுவது அதனால்தான். சாலையில் அந்த இடத்தில் விளக்கில்லாத கரும்பு டிராக்டர் நிற்கலாம், ஆட்டு மந்தை கடக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் திரும்பலாம்.

சரியான சுற்றில் கியர் மாற்ற வேண்டுமானால் கண்ணும் காதும் இன்ஜின் மேல் இருக்க வேண்டும். கண்ணும் காதும் இன்ஜின் மேல் இருந்தால் சாலை மேல் இருக்காது. தடம் என்ற ஒன்றை உருவாக்கியதே, சாலையைப் பற்றிய கவலையை ஓட்டுபவரின் தலையிலிருந்து எடுத்துவிடத்தான்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5000 ரூபாய் ஆனது, மூன்று மாதம்வரை சிறையும் உண்டு. இரண்டாம் முறை சிக்கினால் ஒரு வருடம்வரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். ஆனால் அபராதத்தைக் கூட்டினால் மட்டும் ஆசை அடங்கிவிடுமா? கலிபோர்னியாவில் 1951-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஓட்டாதே என்று மட்டும் சொல்லாமல், இங்கே வந்து ஓட்டு என்று இடம் காட்டினார்கள். சோழவரமும் மெட்ராஸ் இளைஞர்களுக்கு அதைத்தான் செய்தது.

டி.வி.எஸ். பிறந்த ஊருக்கு, ஆர்.எக்ஸ்.100-ஐ இன்றும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஊருக்கு, நானூறு மீட்டர் ஓடவும் நானூறு மீட்டர் நிற்கவும் ஒரு நேர்க்கோடு கிடைத்தால் போதும். மெக்கானிக் கடை வாசல் வாக்குவாதத்தை அங்கே ஒரு ஸ்டாப்வாட்ச்சே தீர்த்து வைத்துவிடும்.