கர்ப்பகாலத் தைராய்டு குறைசுரப்பு

கர்ப்பகாலத் தைராய்டு குறைசுரப்பு என்பது கருவுற்ற பெண்ணின் தைராய்டு சுரப்பி தேவையான அளவு தைராக்சினைச் சுரக்காத நிலை. இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் இயக்குநீரான டி.எஸ்.எச். மிகுந்து தைராக்சின் குறைந்திருந்தால் வெளிப்படைக் குறைசுரப்பு, டி.எஸ்.எச். மட்டும் மிகுந்திருந்தால் மறைநிலைக் குறைசுரப்பு. அயோடின் பற்றாக்குறையும், 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த தன்னெதிர்ப்பு அழற்சியும் முதன்மைக் காரணங்கள்.

கருவின் சுரப்பி ஏறத்தாழ 18-20ஆம் வாரத்தில்தான் போதிய அளவு இயங்கும். அதுவரை மூளை வளர்ச்சிக்கான தைராக்சின் பெரும்பாலும் தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களே மிக முக்கியமானவை. சிகிச்சையின்றி விடப்பட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் ஆகியவை நேரும் வாய்ப்பு கூடும்.

சிகிச்சை லெவோதைராக்சின் மாத்திரை. இது கருவுக்குப் பாதுகாப்பானது. கருவுற்றதும் அச்சத்தால் நிறுத்துவதே தீங்கு. முன்பே உட்கொள்பவருக்கு அளவு 25-30 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படும். மருத்துவர் இதை உடனே திருத்தியமைப்பார். டி.எஸ்.எச். லிட்டருக்கு 2.5 மில்லி அலகுக்குக் கீழ் இருப்பது இலக்கு. கர்ப்பத்தின் நடுப்பகுதிவரை சுமார் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், 30ஆம் வாரத்தையொட்டி ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்யப்படும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அதன் உறிஞ்சலைத் தடுப்பதால் நான்கு மணிநேர இடைவெளி தேவை. பேறுக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபரிசோதனை செய்வது வழக்கம். பாலூட்டும்போதும் மருந்தைத் தொடரலாம்.